அண்ணிக்கு வைத்த ஓரத் துண்டு

ஒரு காகிதத் தட்டு. அதன் நடுவில் பச்சை க்ரீம் பூசிய சதுரக் கேக் துண்டு. அதன்மேல் சர்க்கரையில் செய்த ஒரு சிறு மனிதன், தோளில் மண்வெட்டியோடு. என் மகன் அந்தத் தட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, கூட்டத்தில் யாரும் இடித்துவிடாதபடி முழங்கைகளை விரித்துக்கொண்டு, சுவரோரமாக என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான். அவனுக்கு அப்போது ஏழு வயது. அவன் முகத்தில் இருந்ததைச் சந்தோஷம் என்று சொல்லிவிட முடியாது. கற்பூரத் தட்டைக் காற்றில் அணையாமல் கொண்டுவருகிறவர்கள் முகத்தில் ஒரு கவனம் இருக்குமே, அதுதான் இருந்தது. பாதிக் கூடத்தைக் கடந்திருப்பான். என் நாத்தனார் குறுக்கே வந்தாள்.

என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நாங்கள் இருந்த பேட்டைக்கு உப்பளம் என்று பெயர். அங்கே அவள் புழங்கிய வட்டாரத்தில் பலருக்கும் அவள், பிரெஞ்சு வழக்கப்படி, மதாம். வந்தார், சொன்னார் என்று மரியாதையோடு எழுதத்தான் உட்கார்ந்தேன்; கை வரவில்லை. நேரில் பேசிய நாளெல்லாம் கொடுத்த மரியாதை போதும். அன்று அவளுடைய மகனின் பிறந்தநாள். கூடம் முழுக்க அவன் படிக்கும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும். அண்ணி என் மகனைப் பார்த்துச் சிரித்தாள். குனிந்து, அவன் தட்டிலிருந்த துண்டை இரண்டு விரல்களால் அப்படியே தூக்கி, பக்கத்தில் நின்ற வேறொரு பிள்ளையின் தட்டில் வைத்தாள். பிறகு மேசைக்குப் போய், பலகையில் ஒதுக்கிக் கிடந்த ஓர வெட்டு ஒன்றை எடுத்து வந்து காலித் தட்டில் போட்டாள். க்ரீம் படாத, விளிம்பு கருகிய துண்டு.

"இது போதும் கண்ணு ஒனக்கு" என்றாள். பிறகு அம்மாக்கள் பக்கம் திரும்பி, "மேல குடியிருக்கிறவங்களுக்கு இது போதாதா இன்னா?" என்றாள்.

வேடிக்கைக்குச் சொன்னதுபோலத்தான் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். என் கணவர் ஸ்டூலின்மேல் ஏறி, அவிழ்ந்த பலூன் ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, கட்டிய முடிச்சையே மறுபடி கட்டத் தொடங்கினார்.

என் மகன் அந்த ஓரத்தைத் தின்றான். அதுதான் என்னை எரித்தது. அழுதிருந்தால் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போயிருப்பேன். எல்லாம் அன்றைக்கே ஒரு சண்டையாக முடிந்திருக்கும். அவன் அழவில்லை. ஒரு துணுக்கும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, அண்ணியிடம் போய், "நல்லாருக்கு அத்த" என்று சொன்னான். தன்னைச் சிறுமைப்படுத்தியவளையே சமாதானப்படுத்த ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது என்றால், அதை அவன் எங்கே கற்றான்? என்னிடம். அவன் அப்பாவிடம். அந்த வீட்டு மாடிப்படிகளில் நாங்கள் சத்தமில்லாமல் ஏறி இறங்கிய விதத்தில். இதற்கு அண்ணி பதில் சொல்லியாக வேண்டும் என்று அந்தக் கூடத்தில் நின்றபடியே முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டு, காலித் தட்டுகளைப் பொறுக்கி அடுக்கினேன்.

அண்ணியைப் பற்றி நல்லதையும் சொல்லவேண்டும். இல்லையென்றால் இது வெறும் பொருமலாகிவிடும். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட, தம்பியை வளர்த்தவள் அவள்தான். அதற்காகப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளும் அவள்தான். பிறகு சொல்தா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவரை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவளைவிட நிறைய மூத்தவர். நாற்காலியில் உட்கார்ந்து பிரெஞ்சு டிவி பார்ப்பதைத் தவிர யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராதவர். வீடும் குடியுரிமையும் பென்சனும் வந்தபிறகும் அண்ணி தம்பியை மறக்கவில்லை. அவருக்கு ஓட்டலில் வேலை வாங்கிக் கொடுத்தாள். கல்யாணம் செய்துவைத்தாள். மாடியில் ஓர் அறையும் சமையலறையும் எங்களுக்கு விட்டாள். வாடகை என்ற பேச்சையே எடுத்ததில்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாடகை கொடுத்து இருக்கிறவள் தலையை நிமிர்த்தி நடக்கலாம். எங்களுக்கு அவள் கொடுத்தது நன்றி என்ற கயிறு. அதன் மறுமுனை எப்போதும் அவள் கையில் இருந்தது.

மொட்டை மாடியில் எங்கள் துணி காய்வதற்குத் தெருப்பக்கக் கொடி ஆகாது, பின்பக்கக் கொடிதான். அவள் வீட்டுக்கு யாராவது வந்திருக்கும்போது நான் படியிறங்கினால், பேச்சு சட்டென்று பிரெஞ்சுக்கு மாறும். அந்த மொழி எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பேச்சு என்னைப் பற்றியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள மொழி எதற்கு? என் மகன் கீழே போனால் அவன் காலைப் பார்ப்பாள். கால் கழுவியிருந்தால் கையைப் பார்ப்பாள். அவள் மகனிடம் டேப்லெட் ஒன்று இருந்தது. அதில் ஒரு விளையாட்டு. உலகமே கட்டி கட்டியாக இருக்கும். மண் ஒரு கட்டி, புல் ஒரு கட்டி, தண்ணீரும் நெருப்புக் குழம்பும்கூடக் கட்டிகள்தான். தோண்டிக்கொண்டே போனால் அடியில் வைரம் கிடைக்கும். என் மகன் அவன் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பான். தொடக்கூடாது என்பது அண்ணியின் கட்டளை. தொடாமலே அந்த விளையாட்டின் எல்லா விதிகளும் அவனுக்கு மனப்பாடம். அன்றைய கேக்கும் அந்த விளையாட்டின் உருவில்தான் இருந்தது. பெரிய பேக்கரி ஒன்றில் முன்கூட்டியே சொல்லிவைத்துச் செய்தது.

சில நாள் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "எம் பொறந்தநாளுக்கும் அந்த மாதிரி கேக்கு வாங்கலாமாம்மா?" என்று மகன் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள், "வேணாம்மா, சும்மா கேட்டேன்" என்று அவனே முடித்துக்கொண்டான்.

"வாங்க வேணாம். நான் செய்றேன்."

"ஒனக்குச் செய்யத் தெரியுமா?"

"தெரிஞ்சிக்கிறேன்."

என் கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். மகன் கை கழுவ எழுந்து போனதும் மெதுவாகச் சொன்னார்: "செய்யறதுன்னா செய். ஆனா அக்காவோட போட்டி போடாத. நாம இருக்கறது அவங்க ஊடு."

"தெரியும். அதத்தான் எல்லாரையும் வச்சுக்கினு சொன்னாங்களே" என்றேன்.

பேக்கரியில் சொல்லிவைக்க எங்களால் முடியாது. கேக் சுடுகிற அடுப்பும் என்னிடம் இல்லை. இருந்தது ஒரு பழைய அலுமினியக் குண்டான். அதன் அடியில் கல்லுப்பைப் பரப்பி, மேலே இட்லித் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் மாவு ஊற்றிய பிஸ்கட் டின் மூடியை வைத்து, இறுக மூடி அடுப்பில் ஏற்றினேன். முதலில் வந்தது கல். அடுத்தது மேலே வெந்து உள்ளே கூழாக இருந்தது. இன்னொன்றில் சோடா மாவு கூடிப்போய் வாயில் வைக்க முடியவில்லை. தோற்றதையெல்லாம் மகனும் நானும் பாலில் ஊறவைத்துத் தின்றோம். எனக்குச் சலிப்பே வரவில்லை. சாதாரணமாக நான் பொறுமையில்லாதவள். பால் பொங்குவதற்குக்கூட நிற்கமாட்டேன். மனதில் பழி இருந்தால் பொறுமை தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மாவைச் சலிக்கும்போது அண்ணியின் இரண்டு விரல்களை நினைப்பேன். முட்டையை அடிக்கும்போது அந்தச் சிரிப்பை நினைப்பேன். முட்டை நன்றாகவே நுரைத்தது.

ஒருநாள் மதியம் படியடியில் நின்று அண்ணி குரல் கொடுத்தாள். "இன்னா தீயற வாசன வருது? ஊட்டக் கொளுத்திடப் போற."

"ஒண்ணுமில்ல அண்ணி. உப்பு வறுக்கிறேன்."

"உப்பயா?"

"ஆமாம் அண்ணி" என்றேன். பொய்யும் இல்லை.

கேக் கைக்கு வந்தபிறகு அதை உலகமாக்குகிற வேலை. பழைய செய்தித்தாளில் கோலத்துக்கு வைப்பதுபோலப் புள்ளி வைத்துக் கட்டம் போட்டேன். எந்தக் கட்டத்தில் புல், எதில் மண், எதில் தண்ணீர் என்று மகன் விரலால் காட்டினான். தேங்காயைப் பூவாகத் துருவி, நிழலில் உலர்த்தி, பச்சைக் கலர் பிசறினால் புல். பொடித்த சாக்லேட் பிஸ்கட் மண். கடல்பாசியைக் காய்ச்சி, பாதியில் நீலமும் பாதியில் சிவப்பும் சேர்த்துக் கட்டியாக உறையவைத்தால் தண்ணீரும் நெருப்புக் குழம்பும். மண்வெட்டிக்காரனுக்குத் தேங்காய்ப் பர்ஃபியைச் சதுரமாக வெட்டித் தலையும் உடம்பும் ஆக்கினேன், கண்ணுக்குக் கிராம்பு. வைரத்துக்குத்தான் இரண்டு பேரும் யோசித்தோம். கடைசியில் சாமி அலமாரியில் இருந்த டப்பாவைத் திறந்து மகன் கற்கண்டை எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அன்றைக்கு அவன் போட்ட கூச்சலுக்கு அண்ணி கீழேயிருந்து கதவை அடித்துச் சாத்தினாள்.

நான் கற்கண்டைக் கேக்கின் மேலே பதிக்கப் போனேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மேல வக்கக் கூடாதும்மா. வைரம் அடியிலதான் இருக்கும். தோண்டுனாத்தான் கெடைக்கணும்." அவன் சொன்னபடியே, அடித்துண்டுகளில் குழி பறித்துக் கற்கண்டைப் புதைத்து, மேலே இன்னொரு அடுக்கு வைத்து மூடினேன். அந்தப் பிறந்தநாளை அவ்வளவு நன்றாக ஆக்கியது அந்த ஒரு யோசனைதான்; அது அவனுடையது. என் யோசனை வேறாக இருந்தது. கேக்கை அடுக்குமுன் டின்னில் ஒட்டிய ஓரங்களைச் சீவியிருந்தேன்; அதில் நல்ல நீளமான, விளிம்பு கருகிய துண்டு ஒன்றைத் தனியாக எடுத்து மூடிவைத்தேன்.

எங்கள் அறையில் கூட்டம் கொள்ளாது. மொட்டை மாடியில் வைத்தோம், வெயில் தாழ்ந்தபிறகு. தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். அண்ணி மகனின் பள்ளிக்கூடத்துத் தோழர்களையும், அன்று சிரித்த அம்மாக்களையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். என் கணவருக்கு அதுதான் புரியவில்லை. "அவங்கள எதுக்கு?" என்று கேட்டார். "அவங்க இல்லாம எப்படி?" என்றேன். அண்ணியும் வந்தாள். பட்டுப்புடவை இல்லை, வீட்டில் கட்டுகிற புடவை. மாடிக்கு அது போதும் என்று நினைத்திருப்பாள். பிளாஸ்டிக் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பலகைமேல் மூடியிருந்த துணியை எடுத்தேன்.  முதலில் கத்தியவன் அண்ணியின் மகன்தான். "மாமான்! மாமான்! பாருங்க, நெஜமாவே தோண்டலாம்!" என்று அவன் அம்மாவைப் பிடித்து இழுத்தான். அம்மாவை அவன் பிரெஞ்சில் அப்படித்தான் கூப்பிடுவான். மெழுகுவர்த்தியை ஊதியதும் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு ஸ்பூனைக் கொடுத்து, "தோண்டுங்க" என்றேன். அதன்பிறகு மாடியில் நடந்ததை விவரிக்க முடியாது. நீலக் கட்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. புல்லும் மண்ணும் பறந்தன. யாருக்கோ முதல் வைரம் கிடைத்தது. அது பல்லில் கடிபட்ட சத்தம் கேட்டு எல்லாரும் ஆர்ப்பரித்தார்கள். பேக்கரிக் கேக் வாங்கித் தின்று வளர்ந்த பிள்ளைகள் கையெல்லாம் பச்சையாக, முகமெல்லாம் பிஸ்கட்டாக என் மகனைச் சுற்றி நின்று, "இங்க தோண்டலாமா? இங்க?" என்று அவனிடம் அனுமதி கேட்டார்கள். அவன் நடுவில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தான். அந்த உலகத்துக்கு அவன்தான் ராஜா. அவன் குரல் அவ்வளவு கனமாக ஒலித்து நான் கேட்டதில்லை.

பர்ஃபி மனிதனை அவனுக்கென்று எடுத்துவைத்திருந்தேன். அவன் அதை வாங்கிப் பார்த்தான். நேராகப் போய் அண்ணி மகனின் தட்டில் வைத்துவிட்டான். "நீயே வச்சிக்கோண்ணா" என்றான். அண்ணி அதைப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியது. என் மகன் அங்கேயே அந்தக் கணக்கை முடித்துவிட்டான் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

மூடிவைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு போனேன். நாற்காலியின் முன் நின்று, இரண்டு கைகளாலும் மரியாதையாக நீட்டினேன். தேங்காய் இல்லை, மண் இல்லை, வைரம் இல்லை. ஓரம் மட்டும்.

"எடுத்துக்கங்க அண்ணி. கீழ குடியிருக்கிறவங்களுக்கு இது போதாதா இன்னா?"

அம்மாக்கள் சிரித்தார்கள். அதே அம்மாக்கள், அதே சிரிப்பு. அவர்களுக்கு யார் சொன்னால் என்ன. அண்ணி தட்டை வாங்கிக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் வருமென்று காத்திருந்தேன். முதலில் வந்தது கோபம் இல்லை, ஆச்சரியம். இத்தனை வருஷமாகக் காலடியில் கிடந்த மிதியடி எழுந்து பேசியதுபோலப் பார்த்தாள். ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கினாள். தட்டை நாற்காலிக்கடியில் வைத்துவிட்டு எழுந்து, மகனின் கையைப் பிடித்தாள். அவன் வரமாட்டேன் என்று அலறினான். இன்னும் தோண்டி முடிக்கவில்லையாம். படியிறங்கி வீட்டுக்குள் போகும்வரை அந்த அலறல் கேட்டது. என் கணவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரயில்வே லைன் பக்கம் பார்த்தபடி நின்றார்.  எனக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது. சித்திரை வெயிலில் அலைந்துவிட்டு வந்து பானைத் தண்ணீர் குடித்தால் நெஞ்சு வழியாக இறங்குமே, அந்தக் குளிர்ச்சி.

மறுநாள் காலையில் அண்ணி தம்பியைக் கீழே கூப்பிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. அவர் மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"மாடி போர்ஷன் வேணுமாம். அவங்க ஊட்டுக்காரர் பக்கத்துல யாரோ வர்றாங்களாம்."

"வரட்டும்" என்றேன்.

"ஒரு கேக்கு. ஒரே ஒரு கேக்குக்காக…"

"கேக்குக்காக இல்ல. நீங்க அன்னைக்கு அந்த பலூன விட்டுட்டு எறங்கி வந்திருந்தா, நான் அடுப்பே பத்தவச்சிருக்க மாட்டேன்."

அவர் எழுந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். 

உழவர்கரையில் ஒரு வீடு கிடைத்தது. மேலே ஷீட் போட்ட வீடு. கோடையில் உள்ளே உட்காரமுடியாது, மழையில் உள்ளே பேசமுடியாது. தண்ணீருக்குத் தெருமுனைக்கு நடந்தேன். தையல் மெஷின் ஒன்று வாங்கி, பிளவுஸ் தைத்தேன். அந்த வருஷங்களில் நான் வருந்தவே இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வருந்தினேன், ஆனால் செய்ததற்காக இல்லை. அந்த மாடியில் அவ்வளவு வருஷம் பேசாமல் இருந்ததற்காக. புது வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் என் மகன் கதவைப் படாரென்று சாத்தக் கற்றுக்கொண்டான். வாசற்படியில் தடதடவென்று ஏறி இறங்கக் கற்றுக்கொண்டான். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் பென்சிலைப் பிடுங்கியவனை அடித்துவிட்டு வந்தான். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். வரும் வழியில் அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம், அண்ணி மகனின் பிறந்தநாள் நெருங்கியபோது, அக்கா வீட்டுக்குப் போய்வந்த என் கணவர் சுற்றி வளைத்துப் பேசினார். பையன் வேறு எந்தக் கேக்கும் வேண்டாம் என்று அடம் பிடிக்கிறானாம். சாமான் எல்லாம் அக்கா வாங்கி அனுப்புவாளாம்.

"அவங்களே கேட்டாங்களா?"

"வாய்விட்டுக் கேக்கல. எங்கிட்ட சொல்லிப் பொலம்பனாங்க."

"வாய்விட்டுக் கேக்கட்டும்" என்றேன். "எங்கிட்ட வந்து கேக்கட்டும்."

அவள் வரவில்லை. நானும் போகவில்லை. அவள் தெரு வழியாகப் போகவேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவேன். ஒரே ஊரில், ஒரு பஸ் தூரத்தில், ஒருவரையொருவர் பார்க்காமலே பிள்ளைகளை வளர்த்தோம். அவள் மகன் படிக்கப் பிரான்சுக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். பிறகு அவளுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். என் கணவர் தினமும் வேலை முடிந்ததும் போய்விட்டு வந்தார். நான் கஞ்சி வைத்து, துவையல் அரைத்துக் கொடுத்தனுப்பினேன். சாப்பிட்டாள் என்று சொன்னார். நான் அனுப்பியது என்று தெரிந்தே சாப்பிட்டாள் என்றும் சொன்னார். நோயில் கிடக்கிறவளுக்குச் சோறு அனுப்புவது வேறு, மன்னிப்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் பிறகு மாடிப்படியில் சத்தமில்லாமல் நடக்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. போன மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள்.

கருமாதிக்குத்தான் இத்தனை வருஷம் கழித்து அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். கூடம் சிறியதாகிவிட்டதுபோல இருந்தது. சொல்தா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவி மட்டும் அணைந்திருந்தது. சுவரில் மாலை போட்ட படம். அதைப் பார்த்தேன். கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வருமா என்று கொஞ்சம் காத்திருந்துகூடப் பார்த்தேன். வரவில்லை. பின்கட்டில் பாத்திரங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது அண்ணியின் மகன் வந்தான். மொட்டை அடித்த தலை, நெட்டையாக வளர்ந்த உடம்பு, தமிழ் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

"தாந்த்" என்றான். அத்தைக்கு அவர்கள் சொல்வது அப்படித்தான். "ஒங்களுக்கு அந்தக் கேக் நெனவிருக்கா?"

"எந்தக் கேக்கு?" என்றேன். ஒன்றும் தெரியாததுபோல.

"மாடில தோண்டுனமே. அது. நீங்க போனப்பறம் மாமான் எனக்கு அத செஞ்சு பாத்தாங்க. ஒங்களுக்குத் தெரியாதில்ல?"

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். அவன் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சொன்னான். வீட்டில் யாரும் இல்லாத மதியங்களில் அண்ணி சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாளாம். பிரான்சிலிருந்து வந்த நல்ல அடுப்பு இருந்தும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தப்பும். புல் பழுத்துப்போகும். தண்ணீர் உறையாது. வைரத்துக்குக் கண்ணாடிபோலச் சர்க்கரை காய்ச்சப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டாளாம். கற்கண்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கெட்டுப்போனதை எல்லாம் காக்கைக்குப் போட்டுவிட்டு, என் கணவரிடம் சொல்லிவிடக்கூடாது என்று இவனிடம் சத்தியம் வாங்கிக்கொள்வாளாம்.

"ஒரு தடவ அழுதுட்டாங்க, தாந்த். 'அவ எப்படித்தான் செஞ்சாளோ'ன்னு சொல்லிட்டே அழுதாங்க."

அந்த வாக்கியத்தை அவன் சோகமாகத்தான் சொன்னான். அம்மா செத்த பிள்ளை வேறு எப்படிச் சொல்வான்? நான் அவன் தோளில் கை வைத்தேன். முகத்தை வைத்துக்கொள்ள வேண்டிய விதத்தில் வைத்துக்கொண்டேன். உள்ளே எனக்கு நேர்ந்தது துக்கம் இல்லை. இவ்வளவு நாள் என் பழி அந்த மாடியில் ஒரு சாயங்காலத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை. அது சாத்திய கதவுக்குப் பின்னால், எனக்குத் தெரியாமலே, வருஷக்கணக்கில் அவளிடம் வேலை செய்திருக்கிறது. பாவம்தான். இழவு வீட்டில் நின்று இப்படி நினைப்பது பாவம்தான். இருக்கட்டும்.

எப்படிச் செய்வது என்று அவன் கேட்டான். பாரிசில் தன்னோடு தங்கியிருக்கும் நண்பர்களுக்குச் செய்து காட்டவேண்டுமாம். எதையும் மறைக்காமல் சொன்னேன். அவனோடு எனக்கு என்ன பகை? கற்கண்டு என்றதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அந்த நேரம் என் மகன் வந்தான். இப்போது அவனுக்கும் மீசை அரும்பிவிட்டது. நான் அவனைத் தனியே கூப்பிட்டு, அன்று கீழே நடந்த பிறந்தநாளில் அத்தை அவனுக்கு ஓரத் துண்டு வைத்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை. அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "இல்லியே. எப்ப?" என்றான். பிறகு அத்தை மகனோடு கைகோத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான். சரிதான். அவன் மறந்துவிட்டான். அவனுக்கும் சேர்த்து நான் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் என் கணவரின் வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். மழை பெய்து ஓய்ந்த சாலை. நெல்லித்தோப்பு தாண்டும்வரை அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.  வளர்த்தவளைக் கரையேற்றிவிட்டு வருகிற மனிதர். சிக்னலில் நின்றபோது தலையைப் பாதி திருப்பிக் கேட்டார்.

"இப்பவாவது அக்காவ மன்னிச்சிட்டியா?"

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.